கட்டையை எடுக்கச் சொன்னது யார்?

நம்ம ஊர்த் தேருக்கு இரும்பு அச்சு வராத காலம் அது. சக்கரம் மரம், அச்சு மரம், சக்கரத்தைத் தடுத்து நிறுத்துகிற கட்டையும் மரம். அந்தக் காலத்திலே இதே நத்தக்காட்டூரிலே அங்காத்தாள் என்று ஒருத்தி இருந்தாளாம். அவள் புருஷன் மாரப்பன். செல்லாண்டியம்மன் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிற குடும்பம். அங்காத்தாளிலிருந்து என் வரைக்கும் ஏழு தலைமுறை. ஆறு என்று சிலர் சொல்வார்கள். அது தப்பு.

முட்டுக்கட்டை வேலை என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் இந்தக் கதை புரியாது. தேர் ஓடும்போது கட்டைக்காரன் சக்கரத்தை ஒட்டிக் குனிந்தபடியே ஓடுவான். திரும்ப வேண்டிய இடத்திலே கட்டையைக் கொடுத்துத் திருப்புவான். நிற்க வேண்டிய இடத்திலே கட்டையைச் செருகி நிறுத்துவான். அந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. யார் கட்டை போட்டார்களோ அவர்களேதான் வந்து எடுக்க வேண்டும். வேறு கை படக் கூடாது. சாமிக்காக வைத்த முறை இல்லை இது. எந்தப் பக்கம் சரிவு, எந்தக் கட்டை பாரம் தாங்கி நிற்கிறது, சக்கரத்தடியிலே யாராவது இருக்கிறார்களா, இதெல்லாம் போட்டவனுக்குத்தானே தெரியும்? அதற்காக வைத்த முறை.

அங்காத்தாளுக்கு மூத்தது பெண். சிட்டாயி. அடுத்தது பையன், அப்போது இடுப்புக் குழந்தை. அவன் வழியிலே வந்தவர்கள்தான் நாங்கள்.

சிட்டாயி எப்படி இருந்தாள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கறுப்பா, சிவப்பா, சுருட்டை முடியா, யாரும் சொல்லி வைக்கவில்லை. சொல்லாததை நான் சேர்க்க மாட்டேன். ஆனால் அவள் என்னென்ன கதை கேட்டாள், நடுவிலே என்னென்ன கேள்வி கேட்டாள், அது மட்டும் ஒன்று விடாமல் வந்திருக்கிறது. அங்காத்தாள் அதைத்தான் சொல்லி வைத்தாளாம்.

வருசம் முழுக்கத் தேர் தேர்முட்டியிலே நிற்கும் அல்லவா? மாரப்பன் கட்டைகளுக்கு எண்ணெய் போடப் போவான். கஞ்சி கொண்டு போகிற சாக்கிலே தாயும் மகளும் போவார்கள். தேரைச் சுற்றிலும் பொம்மைகள், மரத்திலே செதுக்கியது. சிட்டாயி தேரை மூடியிருக்கிற ஓலைத் தட்டியை விலக்கி ஒவ்வொன்றாகத் தொடுவாளாம். தொட்ட பொம்மைக்குக் கதை சொல்லியாக வேண்டும்.

வாயிலே உருண்டையோடு ஒரு யாளி. "இது என்ன ஆத்தா?"

"உருண்டை, சாமி. உருட்டலாம், வெளிய எடுக்க முடியாது."

"அதெல்லாம் இல்ல. களி உருண்டை. ஆறறதுக்குள்ள வாயில போட்டுருச்சு. முழுங்கவும் முடியல. துப்புனா அவிய ஆத்தா வைவா. அதான் வாயத் தொறந்துட்டே நிக்குது."

கிளியோடு நிற்கிற பெண் ஒருத்தி. புருஷனுக்காகக் காத்திருக்கிறாள் என்று ஊரிலே எல்லோரும் சொல்வார்கள். சிட்டாயி ஒப்பவில்லை. "அவ ஆருக்காகவும் நிக்கல. அந்தக் கிளிதான் அவளப் புடிச்சு வெச்சிருக்குது. உட்டா இவ பறந்து போயிருவா" என்றாளாம்.

அவளிடம் கதையிலே ஏமாற்ற முடியாதாம். களை வெட்டிவிட்டு வந்த அசதியிலே அங்காத்தாள் ஒருநாள் கதையை வெட்டிச் சுருக்கிவிட்டாளாம். அக்கரையிலே பூப்பறிக்கப் போனவன் கதை. பாதியிலே சிட்டாயி தடுத்தாளாம்.

"ஆத்தா, அவன் ஆத்த இன்னும் தாண்டலியே."

"தாண்டிட்டான் சாமி."

"எப்போ?"

"இப்பத்தான்."

"பரிசல்லயா, நீச்சலா?"

"உன்னோட பெரிய ரோதனையாப் போச்சு. பரிசல்ல."

"பரிசல்காரனுக்கு என்ன பேரு?"

இப்படித்தானாம். ஒரு கதையிலே எந்த இடம் விட்டுப் போனாலும் அந்த இடத்திலே விரலை வைத்துவிடுவாளாம்.

அவளுக்கு ரொம்பப் பிடித்தது ஒரே ஒரு பொம்மை. முன் சக்கரத்துக்கு மேலே, வலது பக்கம், ஒரு பிள்ளை எட்டுகிற உயரத்திலே இருந்தது. அம்மன் ராட்சசனை மிதித்துக்கொண்டு நிற்கிறாள். அவன் மல்லாந்து கிடக்கிறான், வாய் பிளந்திருக்கிறது.

"இவன் ஆரு?"

"கெட்டவன். எல்லாரையும் ஹிம்சை பண்ணுனான். அம்மன் மிதிச்சுட்டா."

"எவ்வளவு நாளா மிதிச்சுட்டு இருக்குறா?"

"தேரு செஞ்ச நாள்ல இருந்து."

"அவனுக்குத் தண்ணி தவிக்காதா?"

அங்காத்தாள் "தவிக்குந்தான்" என்றாளாம்.

"ஆரு குடுத்தா?"

"ஆரும் குடுக்கல."

பிள்ளை அன்றைக்குச் சோறு திங்கவில்லையாம். மறுநாள் ஒரு கொட்டாங்குச்சியிலே தண்ணீர் மொண்டு போய் அந்த மரவாயிலே ஊற்றினாளாம். ஊற்றிவிட்டுத் தாயைப் பார்த்து, "அம்மன் ஒண்ணும் சொல்லமாட்டா. பாக்காத மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்குவா" என்றாளாம். அதற்குப் பிறகு அந்தக் கதை அப்படியேதான் முடிய வேண்டும். அம்மன் திரும்பிக்கொள்ள வேண்டும், ராட்சசன் தண்ணீர் குடிக்க வேண்டும்.

சக்கரத்துக்கு மேலே இருக்கிற பொம்மை ஆயிற்றே, மாரப்பன் பயந்தான். மகளைக் கூட்டிப் போய்க் கட்டையைக் காட்டினான். "இங்க பாரு அம்மிணி. கட்டை இருந்தா தேரு மலை மாதிரி. பக்கத்துல போலாம். கட்டை இல்லீன்னா அது ஓடுற மாடு. தள்ளி நின்னுக்கோணும். முதல்ல கட்டையப் பாரு, பொறவு காலெடுத்து வை."

"கட்டைய வேற ஆராச்சும் எடுத்துட்டா?"

"ஆரும் எடுக்க மாட்டாங்க. நான் போட்டா நான்தான் எடுக்கோணும். அது முறை."

அப்பன் சொன்னதைப் பிள்ளை நம்பியது. ஊரும் அந்த முறையைக் காக்கும் என்று அப்பன் நம்பினான்.

தேர் நோம்பி வந்தது. தெற்கு வீதி முடிந்து மேற்கே திரும்புகிற முக்கு இருக்கிறதே, இப்போது சிமெண்டுப் பாதை போட்டிருக்கிற இடம், அங்கே அப்போது நல்ல சரிவு. உச்சி வெயிலிலே தேர் அங்கே வந்து நின்றது. மாரப்பன் நாலு சக்கரத்துக்கும் கட்டை போட்டான். முன் வலச் சக்கரத்துக் கட்டையை இரண்டு தரம் தட்டி இறுக்கினான். பாரம் முழுக்க அதன் மேலே. போட்டுவிட்டு, வாய் வறண்டு போய், நீர்மோர் குடிக்கப் போனான். போகக் கூடாதா? தேர் நின்றால் கட்டைக்காரன் மோர் குடிக்கப் போவது எல்லா வருசமும் நடப்பதுதான்.

அங்கே ஒரு சண்டை கிளம்பியது. எதற்கு? வடத்தை முதலில் யார் தொடுவது என்று. ஊர் மணியகாரர் சடையப்பன் ஒரு பக்கம். அவருடைய பங்காளி வையாபுரி ஒரு பக்கம். அதே வடம், அதே தேர், அதே அம்மன். இவர்கள் இரண்டு பேருக்கும் எந்தக் கை முந்துவது என்றுதான் கவலை. நேரம் போகிறது. இழுக்க வந்த ஜனம் வெயிலிலே நிற்கிறது. குழந்தைகள் தேர் நிழலிலே ஒதுங்கி நிற்கின்றன.

சிட்டாயி கையிலே கொட்டாங்குச்சி. அங்காத்தாள் இடுப்புக் குழந்தையோடு கொஞ்சம் தள்ளி நிற்கிறாள். "ஆத்தா, தண்ணி குடுத்துட்டு வந்தர்றேன்."

"கட்டை இருக்குதா பாரு."

பிள்ளை குனிந்து பார்த்தது. "இருக்குது" என்றது. பொறவுதான் காலெடுத்து வைத்தது. இதை அங்காத்தாள் சாகிற வரைக்கும் சொல்லியிருக்கிறாள். பார்த்துத்தான் போனாள். என் பிள்ளை பார்த்துத்தான் போனாள்.

அந்தப் பக்கம் வையாபுரி சிரிக்கிறான். "என்ன அண்ணா, பேசிட்டே இருந்தாத் தேரு தானாப் போயிருமா? உங்க பேச்சக் கேட்டு ஒரு சக்கரம் நவுருமா?"

மணியகாரருக்கு மூஞ்சி சிவந்து போயிற்று. தலையிலே கட்டியிருந்த உருமால் துண்டை இறுக்கிக் கட்டினார். "நவுராதா? என்ற தேருடா இது! நான் சொன்னா நவுரும்! டே ராசா, எடுறா கட்டைய!"

ராசான் அவர் பண்ணையத்து ஆள். அவன் தயங்கினான். "மாரப்பண்ணன் வரட்டுமுங்க."

"மாரப்பன் ஆருடா? நான் சொல்றேன். எடுறா!"

ராசான் எடுத்தான். வலது முன் சக்கரத்துக் கட்டை.

வடத்திலே ஒரு கை இல்லை. தேர் தானாக இறங்கியது.

அதற்கு மேலே அந்த இடத்தைப் பற்றி எங்கள் வீட்டிலே யாரும் சொன்னதில்லை. நானும் சொல்ல மாட்டேன். சிட்டாயி போய்விட்டாள். அவ்வளவுதான்.

இப்போது கேளுங்கள், இந்த ஊர் செய்த வேலையை. அங்கே ஊரே நின்றது. "எடுறா கட்டைய" என்று மணியகாரர் கத்தியது கூட்டத்தின் கடைசியிலே வேப்பமரத்தடியில் நின்றவனுக்கும் கேட்டது. ரகசியம் ஒன்றுமே இல்லை. ஆனால் ஒரு வாய் திறந்ததா? முதலில், "கட்டை நழுவிப் போச்சு" என்றார்கள். மாரப்பன் போட்ட கட்டை நழுவிற்றாம்! அது ஒட்டவில்லை. பிறகு, "பொடுசு வெளையாட்டுக்குப் போயி உழுந்துருச்சு, தாய்க்காரி பாக்கல" என்றார்கள். அதுவும் நிற்கவில்லை, தாய்க்காரி வாசலிலே நின்று பதில் சொன்னாள். அதற்குப் பிறகுதான் மூன்றாவது ஒன்று கிளம்பியது. அம்மன் கூப்பிட்டாளாம். அம்மனுக்கு அந்தப் பிள்ளை மேலே ஆசை வந்துவிட்டதாம். பிள்ளை சிரித்துக்கொண்டே போய்த் தேருக்குள்ளே கலந்துவிட்டதாம். சிட்டாயி இனிமேல் கன்னித் தெய்வமாம்.

இது நன்றாக ஒட்டிக்கொண்டது. ஏன் ஒட்டாது? இதிலே யார் மேலும் தப்பு இல்லையே. அம்மனைக் கூட்டிப் போய்க் கேள்வி கேட்க முடியாதே.

மணியகாரரே ஒருநாள் வீட்டுக்கு வந்தாராம். தட்டிலே புதுப்பாவாடை, மஞ்சள், பூ. "மாரப்பா, உன்ற புள்ள சாமி ஆயிட்டா. அடுத்த நோம்பிக்கு அந்த முக்குலயே கல்லு நட்டுக் கோயில் எடுத்தர்றேன். முதல் பூசை உன்ற ஊட்டுதுதான்" என்றாராம். கண்ணீரும் விட்டாராம். கண்ணீர் பொய் என்று நான் சொல்லவில்லை. அழுதுகொண்டே பொய் சொல்லலாம்.

மாரப்பன் தட்டை வாங்கிக்கொண்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மோர் குடிக்கப் போனேனே, மோர் குடிக்கப் போனேனே என்று சுவரிலே தலையை முட்டிக்கொண்டு கிடந்தவன். அம்மன் எடுத்துக்கொண்டாள் என்றால் அவனுக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது.

அவர் போனதும் அங்காத்தாள் கேட்டாளாம். "அதை ஏன் வாங்குனீங்க?"

"சாமியாயிட்டா புள்ள. உடு."

"ஆரு கேட்டா சாமி? இந்த ஊட்டுல சாமிக்கென்ன பஞ்சமா? நான் சாமி வேணும்னு அழுவறனா? என்ற புள்ள வேணும்னு அழுவறேன்!"

"அழுதா வருவாளா?"

"வரமாட்டா. ஆனா அவ கதைய இவிங்க சொல்ல நான் உடமாட்டேன். அவ எப்பிடிக் கேப்பான்னு உங்களுக்குத் தெரியாதா? ஆத்தத் தாண்டாம அக்கரைக்குப் போனா உடுவாளா அவ? கட்டைய ஆரு எடுத்தாங்கறத உட்டுப்போட்டு ஒரு கதை. அதையும் அவ பேர்லயே!"

அந்தப் புதுப்பாவாடையை அவள் தொடவில்லை. உத்தரத்திலே கட்டித் தொங்கவிட்டாளாம், எலி தின்னட்டும் என்று.

அடுத்த வருசத் தேர் வந்தது. அந்த முக்கிலே மஞ்சள் துணி சுற்றி ஒரு கல் தயாராக இருந்தது. உடுக்கைக்காரர் குப்பண்ணனை வரவழைத்திருந்தார்கள், கல் நடும்போது சிட்டாயி பாட்டுப் பாட. தேர் வந்து சரிவிலே நின்றது. மாரப்பன் மூன்று சக்கரத்துக்குக் கட்டை போட்டுவிட்டு வலது முன் சக்கரத்துக்கு வந்தான். அங்கே அங்காத்தாள் நின்றாள்.

"குடுங்க இங்க. இதை நான் போடறேன்."

மாரப்பன் அவள் முகத்தைப் பார்த்தானாம். கட்டையைக் கொடுத்துவிட்டான். அவள் குனிந்து செருகி, இரண்டு தரம் தட்டி இறுக்கி, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் செருகினதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. பெற்றவள், ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருப்பார்கள்.

குப்பண்ணன் உடுக்கையைத் தட்டிப் பாட ஆரம்பித்தார். நல்ல குரலாம். "நின்ற தேரும் நடந்ததே, நேரே அம்மா அழைத்தாளே, பூவைப் போலச் சிட்டாயி போய்க் கலந்து நின்றாளே" என்று இழுத்தார். பெண்கள் எல்லாம் மூக்கைச் சிந்தினார்கள்.

"குப்பண்ணா, நிறுத்துங்க" என்றாள் அங்காத்தாள். "நடுவுல உட்டுட்டீங்க."

உடுக்கை நின்றது. "என்ன அம்மிணி உட்டுட்டேன்?"

"தேரு நின்னுச்சுன்னீங்க. சரி. கட்டை போட்டிருந்துச்சு. பொறவு நடந்துச்சுன்னீங்க. நடுவுல கட்டைய ஆரு எடுத்தா?"

"அது... அம்மன் செயல் அம்மிணி."

"அம்மன் தேருக்கு மேல உக்காந்திருந்தா. பூசாரி விசிறிட்டு இருந்தாரு. விசிறியத் தள்ளிப்போட்டு, படி எறங்கி வந்து, குனிஞ்சு கட்டைய உருவுனாளா? நீங்க பாத்தீங்களா?"

கூட்டத்திலே ஒரு கிழவி சிரித்துவிட்டாளாம். சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாளாம்.

குப்பண்ணன் உடுக்கையைக் கீழே வைத்துவிட்டார். "நான் பாக்கலீங்க. பாடச் சொன்னாங்க, பாடறேன்."

"பாக்காததப் பாடாதீங்க. பாத்தவிய இங்க இருக்குறாங்க, அவிய சொல்லட்டும். அதுவரைக்கும் தேரு நவுராது."

மணியகாரர் முன்னாலே வந்தார். "மாரப்பா! உன்ற பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போ. தேருக்கு முன்னால பொம்பளை உக்காந்து என்னடா இது கூத்து?"

மாரப்பன் அந்த ஒரு வருசத்திலே யாரிடமும் நிமிர்ந்து பேசாதவன். அன்றைக்குப் பேசினான். "கட்டை அவ போட்டதுங்க. நான் எடுக்கக் கூடாதுங்க. முறை."

"பெரிய முறை! நல்ல நேரம் போகுது!"

பக்கத்திலே வையாபுரி நின்றான். போன வருசம் போலவே சிரித்தான். "அண்ணன் சொன்னா நவுரும்னாங்களே."

மணியகாரருக்கு அந்த மூஞ்சி திரும்ப வந்தது. உருமாலை இறுக்கினார். சுற்றிலும் பார்த்தார். என்ன சொல்கிறோம் என்று யோசிக்கவேயில்லை. "டே ராசா, எடுறா கட்டைய!"

கேட்டீர்களா? அதே முக்கு, அதே சக்கரம், அதே ஆள், அதே வார்த்தை. ஊர் முழுக்க இரண்டாவது தடவை கேட்டது. வாயிலிருந்து வந்த பிறகுதான் அவருக்கே கேட்டதாம். கை உருமாலிலேயே நின்றுபோயிற்று.

ராசான் அசையவில்லை. அவன் மெதுவாகச் சொன்னானாம், "போன வருசமும் இப்பிடியேதாங்க சொன்னீங்க. நான் எடுத்தேனுங்க. எடுத்த கை இதுதானுங்க. இந்தக் கையில எடுத்த சோறு ஒரு வருசமா எறங்கலீங்க. இன்னிக்கு எடுக்க மாட்டேனுங்க."

சொல்லிவிட்டு அங்காத்தாளுக்கு முன்னாலே மண்ணிலே விழுந்தான். அவள் அவனைத் திட்டவில்லை, எழுந்திரு என்றும் சொல்லவில்லை. மணியகாரரைத்தான் பார்த்தாள்.

"எடுத்தவன் சொல்லிட்டான். எடுக்கச் சொன்னவங்க சொல்லோணும்."

"என்ன வேணும் உனக்கு? கோயில் பெருசாக் கட்டறேன். சுத்துச்சுவரு வெக்கறேன்."

"வேண்டாங்க."

"காடு எழுதி வெக்கறேன், உன்ற பையன் பேருக்கு."

"ஒரு வார்த்தை கேட்டேன். அது உங்ககிட்ட இல்லீங்களா?"

அவள் எழவில்லை. வெயில் தலைக்கு மேலே வந்து, மேற்கே சாய்ந்தது. வடம் பிடிக்க நின்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக வடத்தைத் தரையிலே போட்டார்கள். வடத்தைத் தரையிலே போடுவது என்றால் சின்ன விசயம் இல்லை, தெரிந்துதான் போட்டார்கள். முதலில் சிரித்த கிழவி வந்து அங்காத்தாள் பக்கத்திலே உட்கார்ந்தாள். "எனக்கும் கேட்டுச்சு அம்மிணி. போன வருசமே கேட்டுச்சு" என்றாள். பிறகு இன்னொருத்தி. பிறகு இன்னொருத்தி. "இத்தனை பேருக்குக் கேட்டுச்சா? கேட்டுட்டா என்ற ஊட்டுக்கு வந்து சாமின்னு குங்குமம் வாங்கிட்டுப் போனீங்க?" என்று அங்காத்தாள் கேட்டாளாம். அவர்களை அவள் கட்டிப்பிடித்து அழவில்லை. அவர்கள் மேலேயும் அவளுக்குக் கோபம்தான்.

பூசாரி மேலேயிருந்து கையைப் பிசைந்தார். "வெளக்கு வெக்கறதுக்குள்ள தேரு நிலைக்குப் போகோணுமுங்க. நடுவீதியில அம்மன உட முடியாதுங்க."

கடைசியிலே மணியகாரர் உருமாலைக் கழற்றினார். கழற்றிக் கக்கத்திலே வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்துச் சொன்னார். "கட்டைய எடுக்கச் சொன்னது நான்."

"எங்கிட்டச் சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியும். அங்க நிக்குதுகளே பொடுசுக, அதுககிட்டச் சொல்லுங்க."

தேருக்கு முன்னாலே ஊர்க்குழந்தைகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. சிட்டாயி கூட விளையாடினதுகள். மணியகாரர் அந்தப் பக்கம் திரும்பினார். "கட்டைய எடுக்கச் சொன்னது நான்" என்று சத்தமாகச் சொன்னார்.

அதிலே ஒரு பெண்பிள்ளை கேட்டுவிட்டது. "ஏன் எடுக்கச் சொன்னீங்க?"

பெரியவர்கள் ஒருத்தர்கூட ஒரு வருசமாகக் கேட்காத கேள்வி. மணியகாரர் "பங்காளி மேல கோவம் சாமி. அவன் சிரிச்சான்" என்றார்.

வையாபுரி சிரிப்பை விட்டுவிட்டு எங்கேயோ பார்த்தானாம்.

அங்காத்தாள் எழுந்தாள். சக்கரத்தடியிலே குனிந்து, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்து, யாரும் இல்லை என்று உறுதி பண்ணிக்கொண்டு, கட்டையை எடுத்தாள். தேர் நிலைக்குப் போயிற்று.

கல்? மஞ்சள் துணி சுற்றின கல்லை அன்றைக்கே எடுத்துப் போகச் சொல்லிவிட்டாள். மணியகாரர் ஆட்களே சுமந்து போனார்கள். குப்பண்ணனிடம், "இப்பப் பாடுங்க, இதையும் சேத்துப் பாடுங்க" என்றாளாம். அவர் பாடினாரா என்று தெரியவில்லை. எங்கள் வீட்டிலே பாட்டு இல்லை, கதைதான் இருக்கிறது.

மணியகாரரை அவள் மன்னித்தாளா என்று கேட்பீர்கள். மன்னிக்கவில்லை. அவர் செத்தபோது துக்கம் கேட்கக்கூடப் போகவில்லை. அவர் வாசல் வழியாக நடக்கவும் இல்லை, சுற்றித்தான் போவாளாம். சொன்னால் தீர்ந்துபோகும் என்று அவள் சொன்னதே இல்லை. சொல்ல வேண்டும் என்றுதான் சொன்னாள். இரண்டும் வேறே.

அன்றைக்கு ஏற்பட்ட வழக்கம்தான் இன்றைக்கும். தேர் அந்த முக்குக்கு வந்தால் நிற்கும். மற்ற மூன்று சக்கரத்துக்கும் ஆம்பிளைகள் கட்டை போடுவார்கள். வலது முன் சக்கரத்துக்கு எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி போடுவாள். மணியகாரர் வீட்டிலே அந்தக் காலத்துக்கு யார் பெரியவரோ அவர் உருமால் இல்லாமல் வந்து, குழந்தைகள் பக்கமாகத் திரும்பி, "கட்டைய எடுக்கச் சொன்னது நாங்க" என்று சொல்லுவார். சொன்ன பிறகுதான் அவள் கட்டையை எடுப்பாள். முதல் மரியாதை இன்றைக்கும் அவர்கள் வீட்டுக்குத்தான். அதை யாரும் பிடுங்கவில்லை. இதையும் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அவர்கள் வீட்டுப் பேரன் ஒருவர், கோயமுத்தூரிலே இருக்கிறவர், முதல் தடவை வந்தபோது கேட்டார். "எப்பவோ, ஆரோ செஞ்சதுக்கு நான் எதுக்குங்க சொல்லோணும்?" அன்றைக்குக் கட்டை போட்டது என் அக்கா பழனாத்தாள். "எப்பவோ ஆரோ வாங்குன மாலையத்தானுங்க நீங்க இன்னிக்குப் போட்டிருக்கறீங்க" என்றாள். அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார். இப்போது வருசா வருசம் தவறாமல் வருகிறார், சொல்கிறார்.

அந்த இடத்துக்குத்தான் சிட்டாயி முக்கு என்று பேர். அங்கே கல் கிடையாது, மஞ்சள் கிடையாது, விளக்கும் கிடையாது. வெளியூரிலிருந்து தேர் பார்க்க வருகிறவர்கள் பேரைக் கேட்டதும் செருப்பைக் கழற்றப் போவார்கள். "இங்க என்ன சாமிங்க இருக்குது?" என்று கேட்பார்கள். அப்போது நம்ம ஊர்க்காரன் எவனாக இருந்தாலும், எந்த வீட்டுக்காரனாக இருந்தாலும், ஒரே பதில்தான் சொல்லுவான்.

"சாமி இல்லீங்க. எங்க புள்ள."